மூலப்படியைத் திருத்திய கதை



அண்மையில் வீட்டில் பழைய பெட்டி ஒன்றை ஒழுங்குபடுத்தியபோது ஒரு குறுவட்டு கையில் கிடைத்தது. அதன்மேல் நீல மையில், "எக்ஸ்பி - இரண்டாம் தொகுப்பு - தமிழ் சேர்த்தது" என்று எழுதியிருந்தது. என் மகள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது பாட்டு வட்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அந்த வட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அதில் ஆசிரியர்களாகிய நமக்கு ஒரு பாடமும் உண்டு.

வட்டுக்கு வயது ஏறாது

வின்டோஸ் எக்ஸ்பி இயங்குதளம் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 24-ஆம் நாள் எழுதி முடிக்கப்பட்டு, அக்டோபர் 25-ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. தொழிற்சாலையில் அச்சிட்ட குறுவட்டில் பின்னர் ஓர் எழுத்தைக்கூட மாற்ற இயலாது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்பட்ட பிழைகளுக்கெல்லாம் மைக்ரோசாப்ட் நிறுவனம் திருத்தங்களை வெளியிட்டு வந்தது. அவற்றைத் திரட்டி வெளியிட்டவையே 'சர்வீஸ் பேக்' எனப்படும் சேவைத் தொகுப்புகள். எக்ஸ்பிக்கு முதல் தொகுப்பு 2002 செப்டம்பரிலும், இரண்டாவது 2004 ஆகஸ்டிலும், மூன்றாவது 2008-ஆம் ஆண்டிலும் வந்தன.

ஆனால், பழைய வட்டைக் கொண்டு கணினியை மீண்டும் நிறுவினால் அது 2001-ஆம் ஆண்டுக்கே திரும்பிவிடும். பாடநூலில் பிழை கண்டு ஒவ்வொரு மாணவனின் நூலிலும் திருத்தியபின், அடுத்த ஆண்டு அதே பழைய பதிப்பையே மீண்டும் வாங்கிக் கொடுப்பது போன்றது இது.

முன்பு நிலைமை இன்னும் மோசம். வின்டோஸ் என்டி 4.0 காலத்தில், சேவைத் தொகுப்பை நிறுவிய பிறகு வட்டிலிருந்து ஏதேனும் ஒரு கூறினைச் சேர்த்தால் பழைய கோப்புகள் புதியவற்றின்மேல் எழுதப்பட்டுவிடும். தொகுப்பை மறுபடியும் நிறுவ வேண்டியிருந்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த வின்டோஸ் 2000 இதற்கு ஒரு வழி கண்டது. சேவைத் தொகுப்பை மூல வட்டின் நகலிலேயே கலந்துவிடலாம். இம்முறைக்கு 'ஸ்லிப்ஸ்ட்ரீம்' என்று பெயர். முன்னே விரையும் வண்டியின் பின்னால் எதிர்க்காற்று குறைந்திருக்கும் பாதையை ஆங்கிலத்தில் அவ்வாறு அழைப்பர்.

அறுபது வினாடிகள்

2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவனாக ஒரு தமிழ்ப்பள்ளியில் பயிற்றுப்பணி செய்துகொண்டிருந்தேன். கணினிக்கூடத்தில் ஒரு கணினி பழுதாகி, முதல் நாள்தான் பழைய வட்டிலிருந்து புதிதாக நிறுவப்பட்டிருந்தது. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதில் முரசு அஞ்சலைக் கொண்டு தமிழில் கட்டுரை தட்டிக்கொண்டிருந்தான். தொலைபேசிவழி இணைய இணைப்பும் திறந்திருந்தது. திடீரென்று திரையில் ஒரு பெட்டி தோன்றியது. அறுபது வினாடிகளில் கணினி நின்றுவிடும் என்று எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. அவன் பதறிப்போய் என்னைப் பார்த்தான். நானோ, "எதை அழுத்தினாய்?" என்று அதட்டினேன். "நான் ஒன்றும் செய்யவில்லை ஐயா" என்றான். நான் நம்பவில்லை. திரை இருண்டது. சேமிக்காத கட்டுரை அதோடு போயிற்று.

அது 'பிளாஸ்டர்' என்னும் கணினிப் புழு. 2003 ஆகஸ்டு 11-ஆம் நாள் பரவத் தொடங்கியது. யாரும் எதையும் அழுத்தத் தேவையில்லை, கணினி இணையத்தில் இருந்தாலே போதும். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தம் ஜூலை 16-ஆம் நாளே, அதாவது 26 நாள்களுக்கு முன்பே, வெளிவந்துவிட்டது. ஆனால் 2001-இல் அச்சிட்ட வட்டு அதை எப்படி அறியும்? திருத்தத்தைப் பதிவிறக்க இணையத்திற்குள் போக வேண்டும். போனால் புழு பிடித்துக்கொள்ளும். மருந்துக்கடைக்குப் போகும் வழியிலேயே நோய் காத்திருந்தது!

எக்ஸ்பியில் தொடக்கம் முதலே ஒரு தீச்சுவர் இருந்தது. அதை இயக்கியிருந்தால் பிளாஸ்டர் நுழைந்திருக்காது. ஆனால், இயல்பு நிலையில் அது அணைந்தே கிடந்தது.

மறுநாள் கணினிக்கூடப் பொறுப்பாசிரியர் முதலில் இணையக் கம்பியைப் பிடுங்கினார். கணினியை மீண்டும் நிறுவி, வேறிடத்தில் பதிவிறக்கி வந்த திருத்தத்தைக் குறுவட்டிலிருந்து சேர்த்து, அதன் பிறகே கம்பியைச் செருகினார். "பையன்மேல் தவறில்லை தம்பி" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அந்தச் சொல் இன்றும் உறுத்துகிறது.

புதிய வட்டு பிறந்தது

2004 ஏப்ரல் 30-இல் 'சாஸர்' என்னும் இன்னொரு புழு வந்தது. அதற்கும் திருத்தம் 17 நாள்களுக்கு முன்பே வந்திருந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளியான இரண்டாம் சேவைத் தொகுப்பு தீச்சுவரை இயல்பாகவே இயங்கும்படி செய்தது. அதன் அளவு ஏறக்குறைய 266 மெகாபைட். நொடிக்கு 56 கிலோபிட் தொலைபேசி இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் பத்து மணி நேரத்திற்கு மேல் ஆகும். ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியே பதிவிறக்குவது நடக்கிற காரியமா?

பொறுப்பாசிரியர் அதை ஒரே முறை பதிவிறக்கி, வட்டைப் புதுப்பித்துக் காட்டினார். முதலில் பழைய வட்டின் கோப்புகள் அனைத்தையும் வன்தட்டில் நகலெடுத்தார். அடுத்து, சேவைத் தொகுப்பை அந்த நகலோடு ஒருங்கிணைக்கும் கட்டளையை இட்டார். 'ஐ386' என்னும் கோப்புறையில் பழைய கோப்புகள் புதியவற்றுக்கு இடம் கொடுத்தன. இறுதியாக, மூல வட்டின் துவக்கப் பகுதியைத் தனியே பிரித்தெடுத்து, அதனோடு சேர்த்துப் புதிய வட்டில் எழுதினார். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். துவக்கப் பகுதி இல்லாத வட்டில் எல்லாக் கோப்புகளும் இருக்கும். ஆனால் கணினி அதிலிருந்து எழாது. உரிமம் பெற்ற வட்டுக்குரிய அதே எண்தான் புதிய வட்டுக்கும்; உரிமம் இரட்டிப்பாவதில்லை.

இதனால் வேறு பயன்களும் விளைந்தன. 137 கிகாபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டை முதல் எக்ஸ்பி வட்டு முழுமையாக அறியாது. புதுப்பித்த வட்டு அறியும்.

தமிழும் உள்ளே வந்தது

எக்ஸ்பியில் தமிழ் ஒருங்குறிக்கான வசதி இருந்தது. ஆனால் அதற்கான கோப்புகள் இயல்பாக நிறுவப்படுவதில்லை. நிறுவிய பின்னர் மொழி அமைப்புகளுக்குச் சென்று கட்டத்தைக் குறியிட்டு, மீண்டும் குறுவட்டைச் செருக வேண்டும். செய்யாவிட்டால் பல செயலிகளில் தமிழ் வெற்றுப் பெட்டிகளாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ தெரியும். 'விடைக் கோப்பு' என்ற ஒன்றில் இந்திய மொழிகளுக்கான குழு எண்ணை முன்கூட்டியே எழுதி வட்டில் வைத்தார் அவர். அதன்பின் நிறுவிய ஒவ்வொரு கணினியும் முதல் நாளிலேயே தமிழ் அறிந்து எழுந்தது. அந்த வட்டின் ஒரு படியைத்தான் எனக்குக் கொடுத்தார்.

பின்னர் காலம் மாறியது. 2007-இல் வந்த விஸ்டா, கோப்புகளைத் தனித்தனியே வைக்காமல் ஒரே படிமமாகத் தந்தது. 2009-இல் வந்த வின்டோஸ் 7-க்குப் படிமத்தைத் திறந்து திருத்தும் கருவி கிடைத்தது. 2015-இல் வின்டோஸ் 10 வந்தபோது, அண்மைப் பதிப்பையே நேராகப் பதிவிறக்கி விரலியில் எழுதிக்கொள்ளும் வழி வந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-இல் முடிந்தது. ஆகவே, பழைய வட்டு வைத்திருப்போர் அதை நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளலாம்; அதில் நிறுவிய கணினியை இணையத்தோடு இணைக்க வேண்டாம்.

அன்பர்களே, ஒரே பிழை பத்து மாணவர் ஏட்டில் தென்பட்டால் பத்துப் பேரையும் கடிந்துகொள்ளுமுன் நம் கரும்பலகையை ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். நம் பயிற்றுத்தாளைப் பார்ப்போம். பிழை பிள்ளையிடம் இல்லாமல், நாம் கொடுத்த மூலப்படியில் இருக்கலாம். அதைத் திருத்தினால் அடுத்து வரும் எல்லாப் படிகளும் திருந்தும்.

அந்த மாணவன் இன்று முப்பதைக் கடந்திருப்பான். எங்கேனும் அவனைக் கண்டால் நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது: "நீ ஒன்றும் செய்யவில்லை தம்பி."