தமிழன் இதழ் எந்த வீட்டில் இருந்தது?
(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுப் பேருரை, அனகாபுத்தூர்)



தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்குப் பண்டிதர் பெயரை வைத்திருக்கிறார்கள். அனகாபுத்தூரிலிருந்தும் பம்மலிலிருந்தும் மூட்டுவலிக்கு மருந்து வாங்கப் போகிற நம் பெரியவர்கள் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழேதான் வரிசையில் நிற்கிறார்கள். அவர் வைத்தியர் என்பதை அந்தப் பலகையே சொல்லிவிடும். பத்திரிகை நடத்தியவர் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அந்தப் பத்திரிகை எப்படி நம் கைக்கு வந்தது என்பதே இன்றைய பேச்சு.

1907 ஜூன் 19 அன்று இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. வாரம் ஒரு முறை, புதன்கிழமை. விலையைப் பெயரிலேயே வைத்துவிட்டார். அடுத்த ஆண்டு வாசகர்கள் கேட்டுக்கொண்டதால் 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. வாசகர் சொல்லி இதழ் தன் பெயரையே மாற்றிக்கொண்டது என்பதைக் கவனியுங்கள். கோலார் தங்கவயலுக்கும் இரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் பிழைக்கப் போன நம் மக்கள் அதைத் தருவித்துப் படித்தார்கள். கேள்வி எழுதி அனுப்பினார்கள், பண்டிதர் இதழிலேயே பதில் சொன்னார். பௌத்த சங்கக் கிளைகளின் செய்திகள் வந்தன. படித்தவர்களே எழுதவும் செய்தார்கள். கூலி யாருக்கும் இல்லை.

2006-இல் யோக்காய் பெங்க்ளர் என்ற சட்டப் பேராசிரியர் 'வலைப்பின்னல்களின் செல்வம்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். கணினியும் இணையமும் மலிவானதால், முதலாளியின் உத்தரவும் சம்பளமும் இல்லாமலே மக்கள் கூடி அறிவை உற்பத்தி செய்ய முடிகிறது. இது பண்பாட்டையும் காப்புரிமைச் சட்டத்தையும் அசைக்கும் என்பது அவர் வாதம். விக்கிப்பீடியாவும் லினக்ஸும் அவருடைய சான்றுகள். சமூகவியல் வகுப்பில் இதைப் புதுமையாகச் சொல்லித் தருகிறார்கள். இராயப்பேட்டையில் தபால் வண்டியை நம்பி இதைச் செய்தவர்களை நாம் மறந்துவிட வேண்டாம். ஆனால் பெங்க்ளரோடு நமக்கு ஒரு வழக்கு உண்டு. கருவி மலிவானால் கதவு திறக்கும் என்று அவர் பெரிதும் நம்புகிறார். ஒரு பைசாவைவிட மலிவாக என்ன கிடைத்துவிடும்? நமக்கு இருந்த தடை, யார் சொன்னால் அது அறிவு என்பதில்.

ஓர் உதாரணம். தம் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் வேலை பார்த்தவர் என்றும், குறள் ஏட்டுச்சுவடி அவர் வழியாக எல்லிஸ் துரைக்குப் போனது என்றும் பண்டிதர் எழுதியிருக்கிறார். குடும்ப நினைவுதான் அதற்கு ஆதாரம். உயர்குலத்துக் குடும்பங்களின் நினைவு வரலாறாகும்போது யாரும் மறு சான்று கேட்பதில்லை. நம் குடும்பத்தார் சொன்னால் மட்டும் ஆவணம் எங்கே என்கிறார்கள்.

பண்டிதர் 1914 மே 5 அன்று மறைந்தார். 1920-களில் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து தமிழனை மீண்டும் நடத்தினார். பழைய இதழ்கள் பெரும்பாலும் நம் வீடுகளின் தகரப் பெட்டிகளிலும் பரண்களிலும் கிடந்தே தப்பின. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அவற்றைத் தேடிச் சேர்த்து, கரையான் அரிக்காமல் காத்து வைத்தார்கள். அந்தப் பிரதிகளைக் கொண்டுதான் ஞான. அலாய்சியஸ் தொகுத்தார், பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளை வெளியிட்டது. 85 ஆண்டுகள்! இத்தனைக்கும் அன்றைய சட்டப்படி ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள் முடிந்ததும் காப்புரிமை போய்விடும். 1965 முதல் யார் வேண்டுமானாலும் அச்சிட்டிருக்கலாம். சட்டம் திறந்துவிட்ட கதவு 34 ஆண்டுகள் திறந்தே கிடந்தது.

அண்ணல் எழுத்துகளின் கதை வேறு. 1992 திருத்தத்தால் காலம் 60 ஆண்டாக நீண்டதால், அவை 2016 முடிவில்தான் பொதுச்சொத்தாயின. அதற்குப் பிறகும் தொகுதிகள் அச்சாகாமல் தேங்கியது செய்தியானபோது, 2021 டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் அவரைப் பரப்பியது ஜெராக்ஸ் கடையும் பெயர் போடாமல் தட்டச்சு செய்த தோழர்களும்தான்.

இணையம் வந்தது நமக்கு லாபமே. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இலவசமாக ஏற்றினார்கள். 2003-இல் தமிழ் விக்கிப்பீடியா வந்தது. ஆனால் அங்கே அச்சில் வந்த சான்று கேட்பார்கள். அச்சுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கு அது பழைய கேள்விதான். 2011-இல் அச்சல் பிரபாலாவும் தோழர்களும் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழியைப் பதிவு செய்து சான்றாகக் காட்டிப் பார்த்தார்கள். அது பொது விதியாகவில்லை.

இனி இந்த ஊருக்கு வருவோம். 2025 மே மாதம், அடையாற்றங்கரை ஆக்கிரமிப்பு என்று சொல்லி அனகாபுத்தூரில் நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். கீரப்பாக்கம், தைலாவரம் என்று குடும்பங்களைப் பிரித்து அனுப்பினார்கள். பொக்லைன் வந்ததை நம் பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்தார்கள்; சென்னை முழுக்கப் பார்த்தது. பெங்க்ளர் மகிழ்ந்திருப்பார். அந்தப் படங்கள் இன்று எங்கே இருக்கின்றன? ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில், கணக்கு முடங்கினால் போய்விடும் நிலையில். இடிந்த வீடுகளில் தகரப் பெட்டிகளும் இருந்திருக்கும். பட்டா கிடைக்காத வீட்டில் பழைய ரேஷன் அட்டை, மின்கட்டண ரசீது, சங்க நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாமே குடியிருந்ததற்குச் சாட்சி. தமிழனைக் காப்பாற்றியது இப்படிப்பட்ட வீடுகள்தான்.

அதனால் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். கீரப்பாக்கத்துக்கும் தைலாவரத்துக்கும் போங்கள். பெட்டியில் மிஞ்சிய தாள்களை வீட்டாரைக் கேட்டு ஸ்கேன் செய்யுங்கள், மூலத்தை அவர்களிடமே விட்டு வாருங்கள். வீடியோவை எடுத்தவரிடமிருந்தே அசல் கோப்பை வாங்கி, எடுத்த நாளையும் தெருவையும் குறித்து, இரண்டு மூன்று வன்தட்டுகளில் வேறு வேறு வீடுகளில் வையுங்கள். எதைப் பொதுவில் ஏற்றலாம், எதைக் கூடாது என்பதை அந்தக் குடும்பமே சொல்லட்டும். பெரியவர்கள் வாயால் சொல்வதைப் பதிந்து, எழுதி, சிறு நூலாக அச்சிட்டுவிடலாம். அச்சுச் சான்று கேட்பவர்களிடம் அதையே காட்டலாம். ஒரு பைசாவுக்குக் கொடுக்க முடியாது. பத்து ரூபாய்க்குக் கொடுக்கப் பார்க்கிறோம்.