ஸ்கூட்டர் பட்டறையும் நம்பிக்கையின் வரலாறும்

தெருமுனையில் பல்லாண்டுகளாக இருந்த ஸ்கூட்டர் பட்டறை ஒருநாள் மூடப்படுகிறது. மெக்கானிக்குக் கண்பார்வை மங்கியிருக்கலாம். கட்டட உரிமையாளர் இடத்தைத் திரும்பக் கேட்டிருக்கலாம். சாலை விரிவாக்கத்தில் பட்டறையின் முன்புறம் போயிருக்கலாம். அதை நம்பி வண்டி ஓட்டியவர்கள் அடுத்த சில மாதங்கள் கடை கடையாக அலைகிறார்கள். ஒருவர் பிளக்கை மாற்றினால் போதும் என்கிறார். இன்னொருவர் எஞ்சினையே இறக்க வேண்டும் என்கிறார். சர்வீஸ் மையமோ இந்த மாடலுக்குப் பாகம் வருவதில்லை என்று திருப்பி அனுப்புகிறது. இதை நுகர்வோரின் அன்றாடத் தொல்லை என்று கடந்துவிடுவது எளிது. ஆனால், நம்பகமான பழுதுபார்ப்பு இந்திய நகரங்களில் எவ்வாறு உருவாயிற்று, இன்று ஏன் அரிதாகிறது என்பதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட தொழில் வரலாறு உண்டு.

அந்த வரலாறு பற்றாக்குறையில் தொடங்குகிறது. 1948இல் பஜாஜ் குழுமம் வெஸ்பா ஸ்கூட்டர்களை இறக்குமதி செய்து விற்கத் தொடங்கியது. 1960 முதல் இத்தாலியின் பியாஜியோ நிறுவனத்துடன் தொழில்நுட்ப உடன்பாடு செய்துகொண்டு இங்கேயே தயாரித்தது. பம்பாயின் ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் லாம்ப்ரெட்டாவை உருவாக்கி விற்றது. பியாஜியோ உடன்பாடு 1971இல் முடிவுக்கு வந்த பிறகு, 1972இல் பஜாஜ் சேத்தக் வந்தது. அதே ஆண்டில், இத்தாலியின் இன்னொசென்டி நிறுவனத்திடமிருந்து லாம்ப்ரெட்டாவின் இயந்திரங்களை வாங்கி, லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனம் அமைக்கப்பட்டது. எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதை அரசின் உரிமமே தீர்மானித்த காலம் அது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டியவர்கள் பல ஆண்டுகள், சில சமயம் பத்தாண்டு வரை, காத்திருந்தார்கள்.

இந்தக் காத்திருப்பைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. பழுதுபார்ப்புத் தொழிலுக்கு அது செய்த உதவி அவ்வளவாகப் பேசப்படவில்லை. அத்தனை ஆண்டு காத்திருந்து வாங்கிய வண்டியை எவரும் ஐந்தாண்டில் கைவிடவில்லை. அது தந்தையிடமிருந்து மகனுக்குப் போயிற்று. சந்தையில் மாடல்கள் குறைவு. அவற்றின் வடிவமைப்பும் நீண்ட காலம் பெரிதாக மாறவில்லை. எனவே ஒரு மெக்கானிக் இரண்டு மூன்று எஞ்சின்களை முழுமையாகக் கற்றால் போதும்; அந்த அறிவு அவருடைய வாழ்நாள் முழுவதும் சோறு போட்டது. தேர்வுக்கு இடமில்லாத சந்தையே தேர்ச்சி மிக்க மெக்கானிக்குகளை உருவாக்கியது.

எஞ்சினின் எளிமையும் துணைநின்றது. பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றவேண்டும். கலவை பிசகினால் பிளக்கில் கரி படியும், சைலன்சர் அடைக்கும். கியரும் கிளட்சும் இடக்கைப் பிடியிலிருந்து கேபிள் வழியே இயங்கின. கேபிள் தளர்ந்தால் ஓட்டுபவருக்கே தெரியும். வண்டி கிளம்பாவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்த்துவிட்டு மீண்டும் கிக்கரை உதைப்பது நாடெங்கும் எல்லோரும் அறிந்த வைத்தியம். கோளாறும் அதன் காரணமும் கண்ணுக்குத் தெரிந்தன. பட்டறையின் ஓரத்தில் ஸ்டூல் போட்டு அமர்ந்த வாடிக்கையாளர், கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கித் தேய்மானத்தைப் பார்த்தார். ரசீது கிடையாது; எழுதிக் கொடுத்த உத்தரவாதமும் கிடையாது. வேலை கண்முன்னே நடந்ததே உத்தரவாதம். நம்பிக்கை மெக்கானிக்கின் குணத்தை மட்டும் சார்ந்து நிற்கவில்லை. வேலை வெளிப்படையாக நடந்ததையும் சார்ந்து நின்றது.

ஒரு பட்டறை தனித்தும் இயங்கியதில்லை. அதன் பின்னால் உதிரி பாகக் கடை, சிலிண்டரைத் துளைத்துச் சீராக்கும் லேத் பட்டறை, வெல்டிங் கடை, பெயின்ட் அடிப்பவர் என ஒரு வலையே இருந்தது. தில்லியின் கரோல் பாக் போன்ற உதிரி பாகச் சந்தைகள் இந்த வலைகளின் மையங்களாக வளர்ந்தன. தொழிற்சாலை ஒரு மாடலை நிறுத்திய பின்னும் அதன் பாகங்கள் இத்தகைய சந்தைகளில் கிடைத்தன. ஆகையால் ஒரு பட்டறை மூடினாலும் வலை அறுபடவில்லை. அதே சந்தையில் பாகம் வாங்கும் இன்னொரு கை எங்கோ இருந்தது.

அந்தக் கை எப்படி உருவாயிற்று என்பதில்தான் இவ்வரலாற்றின் இருண்ட பக்கம் இருக்கிறது. வட இந்தியப் பட்டறைகளில் ஆசானை உஸ்தாத் என்றும் மாணவனை ஷாகிர்த் என்றும் அழைப்பார்கள். பெயர் அழகானது, நடைமுறை அவ்வாறு இல்லை. பள்ளிக்குச் செல்லவேண்டிய சிறுவர்கள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தும் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவியும், கூலியின்றியோ அற்பக் கூலிக்கோ ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பின்னர் மோட்டார் பட்டறைகளும் அதன் தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதையே தடைசெய்தது. இது நியாயமான தடை. ஆனால் அந்தச் சுரண்டல் வழியாகவே கைமாறிவந்த அறிவுக்கு மாற்றுவழி போதிய அளவில் அமைக்கப்படவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்கள் இருசக்கர வாகனப் பழுதுபார்ப்பைக் கற்பிக்கின்றன. எனினும் அங்கே படித்தவர் தெருமுனைப் பட்டறைக்கு வாரிசாக வருவது அரிது. மூடிய பட்டறைகள் பலவற்றில் உஸ்தாத் இருந்தார். கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் ஷாகிர்த் இல்லை.

இதற்கிடையே வண்டியும் மாறியது. 1984இல் உருவான கைனெடிக் ஹோண்டா கூட்டு முயற்சி, கியர் இல்லாத, பொத்தானை அழுத்தினால் கிளம்பும் ஸ்கூட்டரைக் கொண்டுவந்தது. 2001இல் ஹோண்டா ஆக்டிவா வந்தது. இவ்வகை வண்டிகள், கியர் ஸ்கூட்டரை அதிகம் ஓட்டாத பெண்களுக்கும் முதியோருக்கும் சாலையைத் திறந்துவிட்டன. இந்த ஆதாயத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. 2009இல் பஜாஜ் ஸ்கூட்டர் தயாரிப்பிலிருந்தே விலகுவதாக அறிவித்தது. 2020 ஏப்ரல் முதல் பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, புதிய ஸ்கூட்டர்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பு பிடித்துக்கொண்டது. காற்றுக்கு அது நல்லது. பட்டறைக்கோ, காதால் கேட்டுச் சொன்ன கோளாறைக் கருவியை மாட்டிப் படிக்கவேண்டிய நிலை வந்தது. அதே 2020இல் சேத்தக் என்ற பெயர் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பிவந்தது. பழைய சேத்தக்கைத் திறக்க ஒரு ஸ்பேனர் பெட்டி போதும். மின்சார ஸ்கூட்டருக்கு மென்பொருளும் வேண்டும்.

ஆகவே இன்றைய சிக்கல் திறமைக் குறைவு மட்டுமன்று. கருவியும் கையேடும் பாகமும் யார் வசம் இருக்கின்றன என்பதும் ஆகும். 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரி பாகங்களும் கோளாறு கண்டறியும் கருவிகளும் சுதந்திரப் பட்டறைகளுக்குக் கிடைக்காதபடி செய்ததே அவற்றின் மீதான முதன்மைக் குற்றச்சாட்டு. அந்த ஆணை கார்களைப் பற்றியது. ஸ்கூட்டர் அதன் எல்லைக்குள் வரவில்லை. 2022இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்ப்பு உரிமைக்கென ஒரு குழுவை அமைத்தபோது, அது கவனிக்க வேண்டிய துறைகளில் வாகனமும் இடம்பெற்றது. அவ்வாண்டு டிசம்பரில் இதற்கான இணையத்தளமும் தொடங்கப்பட்டது. உரிமை என்ற சொல் அரசின் மொழிக்குள் வந்துவிட்டது. தெருமுனைப் பட்டறையின் மேசைக்கு அது இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை.

பட்டறை மூடியபின் அனுபவசாலிகள் செய்யும் தேடலைக் கவனித்தால், பழைய வலையின் எச்சங்களையே அவர்கள் தேடுகிறார்கள் என்பது விளங்கும். உதிரி பாகக் கடைக்காரரிடம், தரமான பாகத்தைக் கேட்டு வாங்கும் மெக்கானிக் யார் என்று விசாரிக்கிறார்கள். மூடிய பட்டறையில் வேலை கற்றவர் எங்கே கடை வைத்திருக்கிறார் என்று கேட்கிறார்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்காமலே எடுத்துக் காட்டுபவரை நம்புகிறார்கள். தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்பவரை இன்னும் அதிகமாக நம்புகிறார்கள். விளம்பரப் பலகையும் நட்சத்திர மதிப்பீடும் வருமுன்பே, இவைதான் நம்பகத்தின் அளவுகோல்களாக இருந்தன.

இந்தத் தேடல் எல்லோருக்கும் ஒரே விலையில் முடிவதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு வண்டி நின்றால் ஒரு வாரம் பேருந்து. உணவு கொண்டுசேர்ப்பவருக்கு அது ஒரு வாரக் கூலி. ஆகவே கையேடும் கருவியும் பாகமும் நியாய விலையில் எல்லாப் பட்டறைகளுக்கும் கிடைப்பதும், பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் உரிய கூலியோடு இத்தொழிலைக் கற்க வழியிருப்பதும் பிழைப்பைப் பற்றிய கேள்விகள். அவற்றுக்கு விடை கிடைக்காதவரை, ஒவ்வொரு பட்டறை மூடலும் ஒரு கடையின் முடிவாக மட்டும் இராது. ஒரு கல்விமுறையின் முடிவாகவும் இருக்கும்.