அமெச்சூர் வானொலிப் போட்டிகளில் நேரலை மதிப்பெண் பலகை

அமெச்சூர் வானொலிப் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, கலந்துகொண்ட நிலையங்கள் அதுவரை எடுத்த மதிப்பெண்களை வரிசைப்படுத்தி இணையத்தில் காட்டுவது நேரலை மதிப்பெண் பலகை. மற்ற விளையாட்டுகளில் இது எப்போதும் இருந்துவந்த ஒன்று. ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் மற்ற நிலையங்களோடு தொடர்புகொண்டு புள்ளி சேர்க்கும் இந்தப் போட்டியிலோ மைதானம் கிடையாது. ஒவ்வொருவரும் தம் வீட்டு அறையில், தம் கருவியின் முன், பெரும்பாலும் தனியாகவே உட்கார்ந்திருப்பார்கள். வேறொரு கண்டத்தில் இருக்கும் எதிராளி முந்துகிறாரா பிந்துகிறாரா என்பது போட்டி முடிந்து வெகுநாள் கழித்தே தெரியும். பல பத்தாண்டுகளாக நிலைமை இப்படித்தான் இருந்தது. அந்தக் காத்திருப்பு படிப்படியாகச் சுருங்கியதே இந்தப் பலகையின் வரலாறு.

அமெரிக்க ரேடியோ ரிலே லீக் 1920களின் பிற்பகுதியில் நடத்திய சர்வதேச ரிலே பார்ட்டியே இவ்வகைப் போட்டிகளில் முதலாவதாகக் கருதப்படுகிறது. 1930இல் அதே அமைப்பின் ஸ்வீப்ஸ்டேக்ஸ் போட்டியும், 1933இல் ஃபீல்டு டேயும் வந்தன. இன்று உலகின் மிகப் பெரிய ஹாம் போட்டிகளில் ஒன்றான சிகியூ உலகளாவிய டிஎக்ஸ் போட்டியை, சிகியூ என்ற பத்திரிகை 1948இல் தொடங்கியது. பதிவும் கணக்கும் எல்லாமே காகிதத்தில் நடந்தன. தொடர்புகொண்ட நிலையத்தின் அழைப்புக்குறியையும் நேரத்தையும் பதிவேட்டில் எழுத வேண்டும். அதே நிலையத்தோடு ஏற்கெனவே பேசியாயிற்றா என்று பார்க்கத் தனியாக இன்னொரு தாள் வைத்துக்கொள்ள வேண்டும். போட்டி முடிந்ததும் கணக்குப் போட்டுப் பதிவேட்டைத் தபாலில் அனுப்புவார்கள். தன்னார்வலர்கள் அவற்றைக் கையாலேயே சரிபார்த்தார்கள். முடிவு பத்திரிகையில் அச்சாகிவரப் பல மாதங்கள் ஆகும். பெரும்பாலும் அடுத்த ஆண்டுப் போட்டியே நெருங்கிவிடும்.

அந்த நாளில் ஒருவருக்குப் போட்டியின் நடுவே தம்முடைய மதிப்பெண்ணே சரியாகத் தெரியாது. கணக்கிடும் முறை அப்படிப்பட்டது. சிகியூ உலகளாவிய போட்டி 48 மணி நேரம், 160 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை ஆறு அலைப்பட்டைகளில் நடக்கிறது. வேறு கண்டத்து நிலையத்தோடு பேசினால் 3 புள்ளி. ஒரே கண்டத்துக்குள் வேறு நாடு என்றால் பொதுவாக 1 புள்ளி. உலகம் 40 மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு அலைப்பட்டையிலும் முதல்முறை எட்டும் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மண்டலமும் ஒரு பெருக்கி. ஓர் ஐரோப்பியருக்கு இலங்கை நிலையம் ஒன்று கிடைத்தால் 3 புள்ளியோடு ஒரு புதிய நாடும், 22ஆம் மண்டலமும் கைக்கு வரும். அடுத்து அதே அலைப்பட்டையில் இந்திய நிலையம் ஒன்றைப் பிடித்தால் நாடு புதிது, மண்டலம் பழையது. இலங்கை, இந்தியா இரண்டுமே 22ஆம் மண்டலத்தில் அடங்குகின்றன. கடைசியில் மொத்தப் புள்ளிகளை மொத்தப் பெருக்கிகளால் பெருக்க வேண்டும். 1,000 தொடர்புகளில் 2,500 புள்ளியும் 300 பெருக்கியும் சேர்த்தவருக்கு மதிப்பெண் 7.5 லட்சம். அவரே 2,000 தொடர்புகளையும் 5,000 புள்ளிகளையும் 400 பெருக்கிகளையும் எட்டும்போது அது 20 லட்சமாகிவிடும். இந்தப் பெருக்கலை, தூக்கத்தை விட்டு அழைப்புகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, காகிதத்தில் நிமிடத்துக்கு நிமிடம் போட்டுப் பார்க்க எவராலும் முடியாது.

எதிராளியின் நிலையை அறிய ஒரே ஒரு குறுக்குவழி சில போட்டிகளில் இருந்தது. ஸ்வீப்ஸ்டேக்ஸிலும், சிகியூவின் டபிள்யூபிஎக்ஸ் போட்டியிலும் ஒவ்வொரு தொடர்பிலும் வரிசை எண் சொல்ல வேண்டும். எதிராளியின் அலைவரிசையில் சற்று நின்று கேட்டாலே போதும், அவர் எத்தனையாவது தொடர்பில் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். அவர் குரலிலிருந்தோ மோர்ஸ் ஒலியிலிருந்தோ கிடைத்த அந்த எண்ணை நேரலை மதிப்பெண்ணின் முதல் வடிவம் என்றே சொல்லலாம். ஆனால் அதில் பெருக்கிகளின் கணக்கு இருக்காது. சிகியூ உலகளாவிய போட்டியில் அந்த வழியும் இல்லை. அங்கே பரிமாறப்படுவது ஒலித்தரக் குறிப்பும் மண்டல எண்ணும் மட்டுமே.

காத்திருப்பை முதலில் உடைத்தவர்கள் போட்டியாளர்களே. ஞாயிறு இரவு போட்டி முடிந்ததும் அமெரிக்க ஹாம்கள் 3830 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் கூடி, தங்கள் மதிப்பெண்களை ஒருவருக்கொருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்கள். அதிகாரபூர்வ முடிவுக்குப் பல மாதம் முன்பே, யார் யாரை முந்தியிருக்கக்கூடும் என்ற தோராயமான படம் அந்த இரவிலேயே கிடைத்தது. இணையம் பரவியபோது இந்தப் பழக்கம் மின்னஞ்சல் பட்டியலாகவும், பிறகு படிவம் நிரப்பி அனுப்பும் இணையதளமாகவும் மாறியது. அலைவரிசையை விட்டு வெளியேறிய பிறகும் அதன் பெயர் 3830 என்றே நிலைத்துவிட்டது. ஒரு விளையாட்டுச் சமூகம் தன் சம்பிரதாயத்தைக் கைவிடாமல் அடுத்த தொழில்நுட்பத்துக்கு எடுத்துச் சென்றதற்கு இது நல்ல சான்று.

மதிப்பெண்ணைப் போட்டியின் நடுவிலேயே காட்ட, முதலில் அதைக் கணக்கிடக் கணினி வேண்டியிருந்தது. 1980களில் சிடி என்ற பதிவு மென்பொருள் வந்தது. அழைப்புக்குறியைத் தட்டியவுடன் அது பழையதா புதியதா, பெருக்கி உண்டா என்று திரை சொல்லியது. மொத்த மதிப்பெண்ணும் ஒவ்வொரு தொடர்போடும் ஏறியது. என்ஏ, டிஆர் லாக் முதலியவை அடுத்து வந்தன. விண்டோஸ் காலத்தில் என்1எம்எம் லாகர் பரவலாயிற்று. தம் மதிப்பெண் தம் திரையில் எந்நேரமும் தெரிந்தது. நிலையத்துக்குள் இணைய இணைப்பும் வந்தபோது, அந்த எண்ணை வெளியே அனுப்புவது ஒரு சிறிய படிதான்.

அந்தப் படியை எடுத்துவைத்த தொடக்ககாலத் தளங்களில் கெட்ஸ்கோர்ஸ் குறிப்பிடத்தக்கது. பதிவு மென்பொருள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எக்ஸ்எம்எல் வடிவத்தில் ஒரு சிறு குறிப்பை அதற்கு அனுப்பும். அதில் போட்டியின் பெயர், அழைப்புக்குறி, மின்திறன் பிரிவு, மண்டலம், மன்றம், அலைப்பட்டைவாரியாகத் தொடர்புகளும் பெருக்கிகளும், மொத்த மதிப்பெண், அனுப்பிய நேரம் ஆகியவை இருக்கும். தளம் இவற்றைப் பிரிவுவாரியாக அடுக்கிக் காட்டும். இந்த வடிவம் பொதுவானதாக இருந்ததால் எந்த மென்பொருளும் அதைப் பின்பற்ற முடிந்தது. பலகை ஊன்றி நின்றதற்கு முக்கியக் காரணம் இதுவே. பின்னர் வேறு பலகைகளும் தோன்றின. போட்டியாளர் சிலர் ஒன்றிலும் சிலர் மற்றொன்றிலுமாகச் சிதறியதால் ஒப்பீடு குறைபட்டது. ஓரிடத்துக்கு அனுப்பினால் எல்லாப் பலகைகளுக்கும் பிரித்தனுப்பும் இடைநிலைச் சேவை வந்த பிறகே இந்தக் குறை தணிந்தது.

பலகையைப் படிக்கப் பழக்கம் வேண்டும். பூமி சுழலச் சுழல அலைப்பட்டைகள் ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு நேரத்தில் திறக்கின்றன. ஐரோப்பியர் வேகமெடுக்கும் நேரத்தில் அமெரிக்க மேற்குக் கரை அமைதியாக இருக்கலாம். டபிள்யூபிஎக்ஸில் தனிநபர் நிலையம் 48 மணியில் 36 மணி மட்டுமே இயங்கலாம் என்பதால், நடுவில் முன்னணியில் நிற்பவர் தமக்குரிய நேரத்தைப் பெரும்பகுதி செலவழித்துவிட்டவராக இருக்கக்கூடும். தொலைதூரத் தீவிலிருந்து இயங்கும் நிலையத்தின் இணையம் அறுந்தால், அவர் மதிப்பெண் ஏறிக்கொண்டிருக்கும்போதே பலகையில் பழைய எண் உறைந்து நிற்கும். ஆகவே ஒரே பகுதியில், ஒரே பிரிவில் இருப்பவர்களை ஒப்பிடுவதே பொருளுடையது.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. அலைப்பட்டைவாரிக் கணக்கைப் பார்த்து, எதிராளி 10 மீட்டரில் திடீரென்று பெருக்கி சேர்ப்பதை அறிந்து தானும் அங்கே தாவலாம். அது வெளியார் உதவிக்குச் சமம் என்பது ஒரு வாதம். தம் உத்தியை வெளிக்காட்ட விரும்பாத முன்னணியாளர்கள் மதிப்பெண் அனுப்பாமலே இருந்துவிடுவதும் உண்டு. முதல் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் மொத்த மதிப்பெண்ணை மட்டும் காட்டினால் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். இரண்டாவதுதான் வருத்தத்துக்குரியது. முன்னணியாளர் மறைந்துகொண்டால் பலகை அரைகுறையாகிறது. மறுபக்கம், கோப்பையை நினைத்தே பார்க்காத சிறு நிலையத்துக்குப் பலகை தந்த ஊக்கம் பெரிது. உலக வரிசையில் ஐந்நூறாவது இடத்தில் இருப்பவருக்கும் அடுத்த ஊர் ஹாம் இருபது தொடர்பு முன்னே இருப்பது தெரிகிறது. அணைக்கவிருந்த கருவியை அணைக்காமல் இன்னும் ஒரு மணி நேரம் உட்காருகிறார்.

பலகையில் தெரிவது போட்டியாளர் கோரும் மதிப்பெண் மட்டுமே. பிறகு எல்லாப் பதிவேடுகளையும் கணினி ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தவறாகக் கேட்ட அழைப்புக்குறிகளையும் மறுதரப்பில் இல்லாத தொடர்புகளையும் நீக்கி, அபராதப் புள்ளிகளையும் கழிக்கும். சிகியூ உலகளாவிய போட்டியில் பதிவேட்டை இப்போது ஐந்து நாட்களுக்குள் அனுப்பிவிட வேண்டும்.

பலகை மிகவும் உயிரோட்டமாக இயங்கிய இடம் உலக ரேடியோஸ்போர்ட் அணி சாம்பியன்ஷிப். 1990இல் சியாட்டிலில் தொடங்கிய இதில், இருவர் கொண்ட அணிகள் ஒரே வட்டாரத்தில், ஒரே வகை ஆன்டெனாக்களோடு, ஜூலை மாதத்தில் 24 மணி நேரம் மோதுகின்றன. 2014இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் 59 அணிகளும், 2018இல் ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் 63 அணிகளும் மோதியதை உலகெங்கும் உள்ள ஹாம்கள் நேரலை மதிப்பெண்களில் பின்தொடர்ந்தார்கள். இடமும் கருவியும் ஏறக்குறைய சமமாக இருந்ததால், அங்கே பலகை காட்டிய வேறுபாடு இயக்குபவரின் திறமையையே காட்டியது. அங்கும் இறுதி வரிசையைத் தீர்மானித்தது பலகையல்ல, நடுவர்கள் சரிபார்த்த பதிவேடுகளே. அந்த வரிசை, பதிவேடுகளை விரைந்து அனுப்பும்படி உலக ஹாம்களை ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டதால், நிறைவு விழாவிலேயே அறிவிக்கப்பட்டது.