'ஊர்ப்பொது' என்கிற கிணறு: அன்னூர்த் தண்ணீர் குறித்துச் சில குறிப்புகள்

குடிநீர் ஆதாரங்களைக் காக்க 'சமூகப் பங்கேற்பு' வேண்டும் என்று அரசும் தொண்டு நிறுவனங்களும் ஒரே குரலில் பேசுகின்றன. வேண்டாமென்று யார் சொல்வது? ஆனால் இந்தச் 'சமூகம்' யார் என்று கேட்காமல் எழுதப்படும் நீர் வரலாறு, பண்ணையக்காரர் திண்ணையில் உட்கார்ந்து எழுதியதாகத்தான் இருக்கும்.

குடிமராமத்தை எடுத்துக்கொள்வோம். ஊர் கூடி மனமுவந்து தூர்வாரிய பொற்காலமாக அது காட்டப்படுகிறது. கும்பினிக்கே அந்த மனமுவப்பில் நம்பிக்கை இல்லை போலும். 1858இல் சென்னை மாகாணத்துக்குப் போட்ட சட்டத்தின் பெயரே 'கட்டாய உழைப்புச் சட்டம்'. கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர்த் தலைவர்கள் சுற்றுவட்டார 'உழைக்கும் வகுப்பு' ஆண்களைக் கூப்பிட்டு வேலைக்கு விடவேண்டும் என்றது அது. கூப்பிடுகிறவர் ஒரு சாதி, மண் சுமக்கிறவர் இன்னொரு சாதி. இரண்டையும் சேர்த்து நாம் 'ஊர்' என்கிறோம்.

அன்னூர்ப் பக்கம் வானம் பார்த்த பூமி. வற்றாத ஆறு கிடையாது, கிணறுதான் எல்லாம். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில், சாலின் அடியில் கட்டிய தோல் வால் வழியாகத்தான் தண்ணீர் வந்து விழும். அந்தத் தோலைப் பதப்படுத்தித் தைத்தவர் மாதாரி. அவர் தைத்த தோல் நாளெல்லாம் கிணற்றுக்குள் இறங்கி ஏறும். அவர் மட்டும் இறங்கக்கூடாது. அதே தண்ணீரைப் பண்ணையக்கார வீடும் குடித்தது. மாதாரி குடிக்க வேண்டுமென்றால் "தண்ணி ஊத்துங்க சாமி" என்று எட்ட நின்று கையேந்த வேண்டும். ஆக, தீட்டு தோலிலும் இல்லை, தண்ணீரிலும் இல்லை. யார் மொள்ளலாம், யார் ஏந்தலாம் என்று வகுத்த அதிகாரத்தில் இருந்தது. மகத்தின் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறப்பதாக நகராட்சி 1924இலேயே தீர்மானம் போட்டிருந்தது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கரும் தோழர்களும் அதில் அள்ளிக் குடித்ததற்கு அடிதான் விழுந்தது. 'பொது' காகிதத்தில் இருந்தது, கரையில் இல்லை.

1932இல் பைக்காரா மின்சாரம். அப்புறம் மோட்டார் வந்தது, கவலை போனது, அந்தத் தோல் வேலையும் போனது. 1990இல் பம்புசெட் மின்சாரம் எல்லா விவசாயிகளுக்கும் இலவசமானது. கிணறு வற்ற, ஆயிரம் அடி தாண்டிப் போர் போட்டார்கள். நிலத்தடி நீர் நம்ம எல்லாருக்கும் பொது என்கிறோமே, 1882ஆம் வருஷ வசதியுரிமைச் சட்டத்திலிருந்து அதை உறிஞ்சும் உரிமை நிலத்தோடு ஒட்டியது. நிலமில்லாதவருக்குத் தெருக்குழாய்தான்.

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் பல பத்தாண்டுக் கோரிக்கை. 2016 பிப்ரவரியில் அவிநாசியில் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2024 ஆகஸ்ட் 17இல் திட்டம் திறக்கப்பட்டது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே, பவானியின் 1.5 டி.எம்.சி. உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்கள் வழியே 1,045 குளம் குட்டைகளுக்கு ஏற்றுவது திட்டம். ஆறாவது நிலையம் அன்னூர். மக்கள் போராடிப் பெற்றது, குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் குட்டை நிறைந்தால் பக்கத்துத் தோட்டத்துப் போர் ஊறும். சேரிக்கு?

2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டம் ஊர்தோறும் குடிநீர்க் குழு வைக்கச் சொன்னது. 10 முதல் 15 பேர், பாதிப் பேர் பெண்கள், கால்வாசி நலிந்த பிரிவினர். விதி நல்ல விதிதான். குட்டையில் தூர்வார இத்தனை வருஷம் வந்ததும் நூறுநாள் வேலைப் பெண்கள்தான். தண்ணீரைச் சோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியும் ஒரு பெட்டியும் தரவேண்டும் என்றும் அதே திட்டம் சொன்னது. குளோரின் பார்க்கலாம், புளோரைடு பார்க்கலாம். பக்கத்துத் தோட்டத்தில் போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்க்க அந்தப் பெட்டியில் ஒன்றும் கிடையாது.