தோற்ற நாட்டின் தூதர்: யோஷிடாவும் போருக்குப் பிந்தைய ஜப்பானும்

1945 ஆகஸ்டில் சரணடைந்த ஜப்பான், ஏறத்தாழ ஏழாண்டுகள் அமெரிக்கத் தலைமையிலான படை ஆட்சியின் கீழ் இருந்தது. அயல்நாடுகளுடன் சுதந்திரமாக உறவு கொள்ளும் உரிமையே இல்லாத அக்காலத்தில்தான் அந்நாட்டின் புதிய வெளியுறவுக் கொள்கை உருப்பெற்றது. அதை வகுத்தவர் ஷிகெரு யோஷிடா. 1906இல் வெளியுறவுத் துறையில் சேர்ந்து ரோமிலும் லண்டனிலும் தூதராகப் பணியாற்றிய அவர், 1946 மே மாதம் பிரதமரானபோது 67 வயதை எட்டியிருந்தார்.

அவரைப் போரை வெறுத்த சமாதானவாதியாகக் கொள்வது பிழை. 1920களில் மஞ்சூரியாவில் பணியாற்றியபோது, சீன மண்ணில் ஜப்பானின் உரிமைகளை வன்மையாக வலியுறுத்தியவர் அவர். ஆயினும், கடல் வாணிகத்தை நம்பி வாழும் தீவு நாடு பிரிட்டனோடும் அமெரிக்காவோடும் பகைத்துக்கொள்ளலாகாது என்பது, 1902ஆம் ஆண்டின் ஆங்கில-ஜப்பானியக் கூட்டணிக் காலத்தில் வளர்ந்த அவருடைய தலைமுறைத் தூதர்கள் பலரது உறுதியான எண்ணமாக இருந்தது. அதனாலேயே 1936இல் ஜெர்மனியுடன் செய்யப்பட்ட ஒப்பந்தத்தை எதிர்த்தார். போரை விரைந்து முடிக்க முயன்றோருடன் சேர்ந்ததற்காக 1945 ஏப்ரலில் இராணுவக் காவலரால் கைதும் செய்யப்பட்டார். எனவே தோல்வியை, படைத்தலைவர்கள் திசைமாற்றிய நாட்டைப் பழைய வழிக்குத் திருப்பும் வாய்ப்பாகவும் அவரால் காண முடிந்தது.

1950 ஜூனில் கொரியப் போர் மூண்டதும், ஜப்பான் மீண்டும் பெரும்படை திரட்ட வேண்டுமென அமெரிக்கா நெருக்கியது. 75,000 பேர் கொண்ட காவல் சேமப்படையை ஏற்ற யோஷிடா, அதற்குமேல் விரைந்து செல்ல மறுத்தார். நொடித்த பொருளாதாரத்தையும் அண்டை நாடுகளின் அச்சத்தையும் காட்டியதோடு, போரைத் துறக்கும் அரசியலமைப்பின் 9ஆம் பிரிவையும் முன்வைத்தார். அமெரிக்கர் தாமே வரைந்தளித்த பிரிவைக் கொண்டே அவர்களுடைய கோரிக்கையைத் தடுத்தது தேர்ந்த இராஜதந்திரம் என்றே சொல்ல வேண்டும்.

1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய சமாதான மாநாட்டில், தாள்களை ஒட்டி நீளச் சுருளாக்கி எழுதப்பட்ட தம் உரையை அவர் ஜப்பானிய மொழியில் வாசித்தார். அங்கு இலங்கையின் சார்பில் ஜே.ஆர். ஜெயவர்த்தனா, ஜப்பான் முழுச் சுதந்திரம் பெற வேண்டுமென வாதிட்டுப் போர் இழப்பீட்டையும் துறந்தார். மாநாட்டுக்கே செல்லாத இந்தியா, 1952 ஜூனில் தனி ஒப்பந்தம் செய்து அவ்வாறே இழப்பீட்டைக் கைவிட்டது. செப்டம்பர் 8 அன்று சமாதான ஒப்பந்தம் 48 நாடுகளுடன் கையெழுத்தானபின், அதே நாளில் பிரெசிடியோ படைமுகாமில், அமெரிக்கப் படைகள் ஜப்பானில் தங்க இடந்தரும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் ஜப்பானின் சார்பில் யோஷிடா மட்டும் கையெழுத்திட்டார். உள்நாட்டுக் கலகத்தை அடக்கவும் அப்படைகளைப் பயன்படுத்தலாம் என்றிருந்த அவ்வொப்பந்தம், ஜப்பானைக் காக்கும் பொறுப்பை அமெரிக்கா மீது தெளிவாகச் சுமத்தவில்லை. வெகுமக்களின் வெறுப்புக்குரிய அந்த ஆவணத்தின் பழியைத் தாம் ஒருவரே ஏற்றது அவருடைய பெருமை.

ஆனால் சுதந்திரத்தின் விலையை அனைவரும் சமமாகச் செலுத்தவில்லை. 1972 வரை அமெரிக்க நிர்வாகத்தில் விடப்பட்ட ஒகினாவா மக்களே அதில் பெரும்பங்கைச் சுமந்தனர்; அந்த அநீதியை எந்தப் பொருளாதார வளர்ச்சியும் ஈடுசெய்யாது. சீனாவின் பிரதிநிதியாகப் பீகிங் அரசை விடுத்துத் தாய்பே அரசுடன் உறவு கொள்ளவும் யோஷிடா இணங்க நேர்ந்தது. பெரும்படை திரட்டாமல் பாதுகாப்புக்கு அமெரிக்காவை நம்பிய அவர் வழியைப் பிற்காலத்தார் நிலையான கோட்பாடாக்கிப் போற்றினர். அவரோ 1963இல் வெளியான தம் நூலில், வளம் பெற்றுவிட்ட ஜப்பான் தன் பாதுகாப்புக்குப் பிறநாட்டையே நம்பியிருப்பது தகுமா என்ற ஐயத்தை வெளியிட்டார்.