மாயா (இசைத்தொகுப்பு)

மாயா என்பது இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட பிரித்தானியக் கலைஞரான எம்.ஐ.ஏ. (மாதங்கி அருள்பிரகாசம்) 2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வெளியிட்ட மூன்றாவது இசைத்தொகுப்பு ஆகும். எக்ஸ்.எல். ரெக்கார்டிங்ஸ், இன்டர்ஸ்கோப் ஆகிய நிறுவனங்களும் மாதங்கியின் சொந்த நிறுவனமான நீட் ரெக்கார்டிங்சும் இதனை வெளியிட்டன. முதல் இரு தொகுப்புகளுக்குத் தந்தை, தாய் ஆகியோரின் பெயர்களைச் சூட்டிய மாதங்கி, இதற்குத் தம் பெயரையே வைத்தார். வெளியான காலத்தில் விமர்சகர்கள் சிலர் இதனை இரைச்சல் மிகுந்த, காரணமற்ற அச்சத்தில் பிறந்த படைப்பு என்று ஒதுக்கினர். இணையக் கண்காணிப்பு பற்றிய ஆவணங்கள் 2013இல் வெளிவந்த பின்னர் இத்தொகுப்பு மீண்டும் கவனத்திற்கு வந்தது.

பின்னணி

மாதங்கி 1975 ஜூலை 18 அன்று இலண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது குடும்பம் யாழ்ப்பாணத்திற்குத் திரும்பியது. தந்தை அருள்பிரகாசம், அருளர் என்ற பெயரில் அறியப்பட்டவர். ஈரோஸ் அமைப்பின் தொடக்ககால உறுப்பினர்களில் ஒருவர். "லங்கா ராணி" என்ற புதினத்தின் ஆசிரியர். அவர் தலைமறைவாக வாழ்ந்ததால் பிள்ளைகள் அவரை அரிதாகவே கண்டனர். யாழ்ப்பாணத்திலும் சிறிது காலம் சென்னையிலும் வாழ்ந்தபின், 1986இல் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக இலண்டன் சென்றடைந்தனர். தேடப்படும் ஒருவரின் வீட்டில் வளரும் குழந்தைக்கு, யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள் என்ற உணர்வு கற்பனையாக இருக்க வாய்ப்பில்லை. இத்தொகுப்பைக் கேட்பவர் இதனை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

மாதங்கி இசைக்கு வந்தது ஓவியத்தின் வழியாக. இலண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக்கல்லூரியில் நுண்கலை, திரைப்படம், காணொளி ஆகியவற்றைப் பயின்றார். ஸ்டென்சில் வார்ப்புகளும் தெளிப்பு வண்ணமும் கொண்டு புலி, பனைமரம், துப்பாக்கி ஆகியவற்றைப் பளிச்சிடும் நிறங்களில் வரைந்தார். எலாஸ்டிகா என்ற ராக் குழுவின் "தி மெனஸ்" (2000) தொகுப்பிற்கு அட்டைப்படம் அமைத்து, அக்குழுவின் சுற்றுப்பயணத்தைப் படம்பிடிக்கச் சென்றபோதுதான் பாடகி பீச்சஸ் வழியாக ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளக்கருவி அவருக்கு அறிமுகமானது.

"அருளர்" (2005), "கலா" (2007) ஆகிய முதல் இரு தொகுப்புகளும் பெரிதும் பாராட்டப்பட்டன. அமெரிக்க விசா கிடைப்பதில் ஏற்பட்ட சிக்கலால் "கலா" பல நாடுகளில் பதிவு செய்யப்பட்டது; அதன் சில பாடல்களில் ஒலிக்கும் உறுமி மேளம் சென்னையில் பதிவானதாகும். அத்தொகுப்பின் "பேப்பர் பிளேன்ஸ்" பாடல் கிராமி விருதுக்கும், ஏ. ஆர். ரகுமானுடன் இணைந்து "ஸ்லம்டாக் மில்லியனர்" படத்திற்காக உருவாக்கிய "ஓ சாயா" ஆஸ்கார் விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டன. 2009இல் டைம் இதழின் செல்வாக்கு மிக்கோர் பட்டியலிலும் அவர் இடம்பெற்றார். அதே ஆண்டு மே மாதத்தில் இலங்கையில் போர் முடிவுற்றது. அந்த மாதங்களில் மாதங்கி தொலைக்காட்சி நேர்காணல்களில் வன்னியில் நிகழும் மரணங்களைப் பற்றியே பேசினார். புகழின் உச்சியில் இருந்த ஒரு பாடகியிடம் ஊடகங்கள் எதிர்பார்த்த பேச்சு அதுவன்று.

இசை

இத்தொகுப்பை எந்த வகையில் சேர்ப்பது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கடைகளில் இது மின்னணு இசை, ராப் ஆகியவற்றின் வரிசையில் வைக்கப்பட்டது. ஆயினும் இதன் மையப் பாடல்கள் பங்க் ராக், தொழிற்சாலை இசை ஆகிய மரபுகளைச் சேர்ந்தவை. "பார்ன் ஃப்ரீ" பாடல், நியூயார்க்கைச் சேர்ந்த சூசைடு என்ற இருவர் குழு 1977இல் வெளியிட்ட "கோஸ்ட் ரைடர்" பாடலின் ஒலித்துண்டின் மீது எழுப்பப்பட்டது. "மெட்ஸ் அண்ட் ஃபெட்ஸ்" பாடலில் ஸ்லே பெல்ஸ் குழுவின் டெரெக் மில்லருடைய கிதார், ஒலிபெருக்கி கிழிந்துவிட்டதோ என்று ஐயுறும் அளவிற்குச் சிதைந்து ஒலிக்கிறது. "ஸ்டெப்பின் அப்" பாடலின் தாளமே துளையிடும் கருவியின் இரைச்சல்தான். ரஸ்கோ, பிளாக்ஸ்டார், சுவிட்ச், டிப்ளோ ஆகியோர் பிற தயாரிப்பாளர்கள்.

இவற்றிற்கு நடுவே மென்மையான பாடல்களும் உண்டு. "இட் டேக்ஸ் எ மசில்" என்பது ஸ்பெக்ட்ரல் டிஸ்பிளே என்ற டச்சுக் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலை ரெகே தாளத்தில் மீண்டும் பாடியதாகும். "டெல் மீ ஒய்" பாடலில் அலபாமா மாநிலத்துத் தேவாலயப் பாடகர்களின் பழைய கூட்டுக்குரல் பதிவு பயன்படுத்தப்பட்டுள்ளது. "எக்ஸ்.எக்ஸ்.எக்ஸ்.ஓ." வானொலிக்கு ஏற்ற நேரடியான நடனப் பாடல். ஆறு நிமிடங்களுக்கு மேல் நீளும் "டெக்கில்லா" தேவைக்கு மேல் நீண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறப்புப் பதிப்பில் உள்ள "இன்டர்நெட் கனெக்ஷன்" பாடல், இணைய இணைப்பு பழுதானபோது தொலைபேசியில் உதவிய பிலிப்பைன்ஸ் நாட்டு வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்களைக் கொண்டு உருவானது.

முன்னட்டையில் மாதங்கியின் முகம் யூடியூப் காணொளிகளின் ஓடுபட்டைகளால் ஏறக்குறைய முழுவதும் மறைக்கப்பட்டுள்ளது. தொகுப்பின் பெயரும் சாய்கோடுகளால் எழுதப்பட்டது. அதில் உண்மையான ஆங்கில எழுத்து ஒன்று மட்டுமே. தேடுபொறிகள் பொதுவாகச் சாய்கோடுகளை விலக்கிவிடுவதால், பெயரை அப்படியே இட்டுத் தேடுபவருக்கு அந்த ஓரெழுத்து மட்டுமே மிஞ்சும்.

"தி மெசேஜ்"

தொகுப்பின் முதற்பாடலான இது ஒரு நிமிடத்திற்கும் குறைவானது. மாதங்கியின் சகோதரர் சுகு இதன் தயாரிப்பாளர். எலும்போடு எலும்பு பொருந்துவதை வரிசையாகச் சொல்லும் ஆங்கிலச் சிறுவர் பாடலின் நடையில், காதில் மாட்டும் கருவியிலிருந்து தொடங்கும் ஒரு சங்கிலி இணையம், கூகுள் என்று நீண்டு அரசாங்கத்தில் போய் முடிகிறது. ஓர் ஆண்குரல் இதனைச் சலனமின்றிச் சொல்லிச் செல்கிறது.

2010இல் இப்பாடல் கேலிக்கு உள்ளானது. கூகுள், முகநூல் போன்றவற்றை உளவுத்துறையே உருவாக்கியது என்ற பொருளில் மாதங்கி நேர்காணல்களில் பேசியதும் கேலியை வளர்த்தது. அக்கூற்றுக்குச் சான்று இல்லை. ஆனால் பாடல் சொல்வது அதனை அன்று. ஒருவரின் கைபேசிக்கும் அரசுக்கும் இடையே வழி உள்ளது என்பதை மட்டுமே. தொகுப்பு வெளியான அதே ஜூலை மாதத்தில், கூகுளின் முதலீட்டுப் பிரிவும் அமெரிக்க உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வின் முதலீட்டு அமைப்பும் ரெக்கார்டட் ஃபியூச்சர் என்ற ஒரே இணையக் கண்காணிப்பு நிறுவனத்தில் முதலீடு செய்திருந்த செய்தியை வயர்டு இதழ் வெளியிட்டது. அதனை இப்பாடலுடன் இணைத்துப் பார்த்தவர் சிலரே.

"பார்ன் ஃப்ரீ" காணொளி

ரோமேன் காவ்ராஸ் இயக்கிய ஒன்பது நிமிடக் காணொளி 2010 ஏப்ரலில் வெளியானது. செந்நிற முடி கொண்ட இளைஞர்களை ஆயுதப் படையினர் வீடுவீடாகப் புகுந்து பிடித்து, பாலைநிலத்திற்குக் கொண்டுசென்று கொல்வதை இது காட்டுகிறது. ஒரு சிறுவன் தலையில் சுடப்படுகிறான். யூடியூப் தளம் இதன்மீது உடனே கட்டுப்பாடு விதித்தது. எட்டு மாதங்களுக்கு முன், 2009 ஆகஸ்டில், கைகள் கட்டப்பட்ட ஆடையற்ற ஆண்கள் சுட்டுக் கொல்லப்படும் இலங்கைக் காட்சிகளைப் பிரித்தானியாவின் சானல் 4 ஒளிபரப்பியிருந்தது. அதனைக் கண்ட தமிழர்களுக்குக் காவ்ராசின் காணொளி எதனைக் குறிக்கிறது என்று விளக்கத் தேவையிருக்கவில்லை. நடிகர்களைக் கொண்டு எடுத்த காட்சி எழுப்பிய கூச்சலில் ஒரு பகுதியைக்கூட உண்மைக் காட்சி எழுப்பவில்லை என்பது இக்காணொளி வெளிப்படுத்திய கசப்பான செய்தியாகும்.

வரவேற்பு

மெட்டாகிரிட்டிக் தளம் விமர்சனங்களைத் தொகுத்து அளித்த மதிப்பெண் நூற்றுக்கு 68 ஆகும். "கலா" பெற்றது 87. பிட்ச்ஃபோர்க் தளம் பத்துக்கு 4.4 மட்டுமே வழங்கியது. விற்பனையில் தொகுப்பு தோல்வி அடையவில்லை: அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் 9ஆம் இடத்தையும் பிரித்தானியாவில் 21ஆம் இடத்தையும் எட்டியது. எனினும் அமெரிக்காவில் முதல் வாரத்தில் விற்றவை ஏறக்குறைய 28,000 படிகளே.

இசையைக் கேட்கும் முன்பே பலர் முடிவுக்கு வந்துவிட்டனர் என்றும் கூறலாம். 2010 மே மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் லின் ஹிர்ஷ்பெர்க் எழுதிய நீண்ட கட்டுரை, விலையுயர்ந்த உருளைக்கிழங்கு வறுவலை உண்டபடி புரட்சி பேசுபவராக மாதங்கியைச் சித்திரித்தது. அந்த உணவைக் கேட்டுப் பெற்றவர் நிருபரே என்பதைக் காட்டும் ஒலிப்பதிவை மாதங்கி வெளியிட்டார். மேற்கோள்களின் வரிசை மாற்றப்பட்டிருந்ததை ஒப்புக்கொண்டு இதழும் ஆசிரியர் குறிப்பு வெளியிட்டது. நிருபரின் தொலைபேசி எண்ணை மாதங்கி பொதுவில் வெளியிட்டதும் தவறே. ஆனால் விமர்சகர்களின் நினைவில் வறுவல் நின்றது, ஒலிப்பதிவு நிற்கவில்லை.

ஜூலை மாதத்தில் டேவிட் லெட்டர்மேனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் "பார்ன் ஃப்ரீ" பாடப்பட்டபோது, சூசைடு குழுவின் மார்ட்டின் ரெவ் நேரில் வந்து விசைப்பலகை வாசித்தார். 1970களின் இறுதியில் அவரது குழுவும் மேடைகளில் கூச்சலிட்டு விரட்டப்பட்டதே. அதன் முதல் தொகுப்பு முன்னோடியாக ஏற்கப்படப் பல ஆண்டுகள் ஆயின.

மறுமதிப்பீடு

2013 ஜூன் மாதத்தில் எட்வர்டு ஸ்னோடன் அளித்த ஆவணங்களைக் கார்டியன், வாஷிங்டன் போஸ்ட் ஆகிய நாளிதழ்கள் வெளியிட்டன. பிரிசம் என்ற திட்டத்தின்கீழ் கூகுள், முகநூல், மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்களின் பயனர் தரவுகளை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை பெற்றுவந்தது அவற்றால் தெரியவந்தது. "தி மெசேஜ்" பாடலில் கேலி செய்யப்பட்ட சங்கிலியின் கடைசிக் கண்ணி இதுவே. அதே மாதத்தில் கேன்யே வெஸ்ட் வெளியிட்ட "யீசஸ்", ஏறத்தாழ இதே வகைச் சிதைந்த ஒலிகளுக்காகப் புதுமை என்று போற்றப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் "மாயா" அந்த ஒலிகளுக்காகவே தண்டிக்கப்பட்டதை அப்போது சிலர் சுட்டிக்காட்டினர். ஸ்டீவ் லவ்ரிட்ஜ் இயக்கி, 2018 சன்டான்ஸ் திரைப்பட விழாவில் சிறப்பு நடுவர் விருது பெற்ற ஆவணப்படம், 2009–2010 ஆண்டுகளின் ஊடகப் பேச்சுகளை மாதங்கியின் சொந்தக் காணொளிப் பதிவுகளுடன் அருகருகே வைத்துக் காட்டியது.

இம்மறுமதிப்பீடு தடையின்றி நிகழவில்லை. 2020இல் தடுப்பூசி குறித்து மாதங்கி கூறிய கருத்துகள் கடும் கண்டனத்திற்கு உள்ளாயின. கண்காணிப்பைப் பற்றிய அவரது பழைய எச்சரிக்கையையும் அவற்றோடு சேர்த்துத் தள்ளிவிடுவோர் உள்ளனர். ஒன்று ஆவணங்களால் உறுதியானது, மற்றொன்று அறிவியலுக்கு முரணானது என்ற வேறுபாட்டைப் பேணுவது வாசகர் கடமை.

தமிழில் மாதங்கி பெரும்பாலும் ரகுமானுடன் பாடியவராகவோ, ஈழ அரசியல் பேசியவராகவோதான் அறிமுகமாகிறார். உறுமி மேளம் ஒலிக்கும் "கலா" தமிழ்க் காதுகளுக்கு எளிதில் பழகும். உறுமியோ தமிழ்ச் சூழலோ வெளிப்படையாகத் தெரியாத "மாயா"வில்தான், யாழ்ப்பாணத்துக் குழந்தைப்பருவத்தின் அச்சம் மிக நேரடியாக ஒலிக்கிறது எனலாம்.

பிந்தைய வெளியீடுகள்

2010 டிசம்பர் 31 அன்று விக்கிலீக்சின் பெயரைத் தழுவிய "விக்கி லீக்ஸ்" என்ற மிக்ஸ்டேப்பை மாதங்கி இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். "பேட் கேர்ள்ஸ்" பாடலின் முதல் வடிவம் இதில் இடம்பெற்றது. அடுத்த தொகுப்பான "மாதங்கி" 2013 நவம்பரில் வெளியானது. அம்மாதம் நியூயார்க்கில் நடந்த நிகழ்ச்சியை ஜூலியன் அசாஞ்சு காணொளி இணைப்பின் வழியே தொடங்கிவைத்தார்.