விண்ணோக்கி எழுந்த மாளிகை

ஒரு நாட்டின் வரலாற்றைக் கோயில்களும் கோட்டைகளும் மட்டுமே கூறும் என்பதில்லை. மக்கள் நாள்தோறும் பணிக்குச் சென்று திரும்பும் அலுவலகங்களும் கூறும். சென்னையில், முன்னாளில் மவுண்ட் ரோடு என வழங்கிய அண்ணா சாலையில், 177 அடி உயர்ந்து நிற்கும் எல்.ஐ.சி. கட்டடம் அத்தகையது. 'பதினான்கு மாடி' என்ற அளவிலேயே நம் பெரியவர்கள் அதனை அறிந்துகொள்வர். அதன் ஆக்கத்தில் தமிழர்க்கும் மராட்டியர்க்கும் பங்கு உண்டு என்பதைப் புனேயில் பிறந்து வளரும் நம் இளைஞர்கள் அறிதல் நன்று.

இக்கட்டடத்திற்கு வித்திட்டவர் எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் பாங்கை நிறுவிய அப்பெருமகனார், யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தலைமையையும் ஏற்றிருந்தார். அக்கம்பெனிக்கென ஓர் உயர்ந்த மாளிகை எழுப்ப விரும்பினார். 1953-இல் பணி தொடங்கியது. ஆனால் 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் கல்லாங் விமான நிலையத்தில் நேர்ந்த விபத்தில் அவர் உயிர் நீத்தார். தாம் எண்ணிய மாளிகையின் நிறைவைக் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை.

தலைவரை இழந்த பணி நின்றுவிடவில்லை. ஆயினும் அதன் உரிமை கைமாறியது. 1956 ஜனவரி 19 அன்று, மராட்டிய மண்ணில் தோன்றிய நிதியமைச்சர் சிந்தாமணி தேஷ்முக் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலை நாட்டுடைமை ஆக்கும் முடிவை அறிவித்தார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் 245 நிறுவனங்கள் ஒன்றாகி எல்.ஐ.சி. பிறந்தது. ஒரு கம்பெனியின் பெருமைக்கெனத் தொடங்கிய மாளிகை, மாதச் சம்பளத்தில் சிறுதொகை ஒதுக்கிப் பிரீமியம் செலுத்தும் எளிய குமாஸ்தாவுக்கும் உரிய பொதுச் சொத்தாயிற்று.

முதலில் வரைபடம் தந்தவர்கள் இலண்டனைச் சேர்ந்த பிரவுன், மௌலின் என்னும் கட்டடக்கலைஞர்கள். கட்டும் பொறுப்பைக் கோரமண்டல் எஞ்சினியரிங் கம்பெனி ஏற்றது. இலண்டன் கலைஞர்களுக்குப் பின் பணியை நிறைவு செய்தவர் எல்.எம். சிதளே. புனேவாசிகளாகிய நமக்குச் சிதளே என்பது நன்கு பழகிய பெயர் அன்றோ! மராட்டியரான அவர் சென்னையில் குடியமர்ந்து, அங்கேயே தொழில் நடத்திப் புகழ் பெற்றவர். நம்மவர் பிழைப்பு நாடி இங்கு வந்து இந்நகரின் வளர்ச்சிக்கு உழைத்தது போலவே, இம்மண்ணின் மைந்தர் ஒருவர் அங்குச் சென்று தமிழகத் தலைநகரின் அடையாளத்தை முடித்துக் கொடுத்தார்.

கட்டடக்கலை நோக்கிலும் இது ஒரு திருப்பமாகும். அதற்கு முன் சென்னையின் பெருமாளிகைகள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தவை. அவற்றில் சுவரே பாரத்தைச் சுமக்கும். உயரம் கூடக்கூட அடிச்சுவரின் பருமனும் கூடும். ஆதலின் உயரத்திற்கு ஓர் எல்லை இருந்தது. கான்கிரீட் முறையிலோ தூண்களும் உத்திரங்களும் எலும்புக்கூடு போல் நின்று பாரத்தைத் தாங்குகின்றன. சுவரின் வேலை வெயிலையும் மழையையும் தடுப்பதே. சுவர் இளைத்ததால் மாடிகள் பெருகின. 1959 ஆகஸ்ட் 23 அன்று நிதியமைச்சர் மொரார்ஜி தேசாய் திறந்து வைத்தபோது, இந்தியாவிலேயே மிக உயர்ந்த கட்டடம் என்ற பெயரை அது பெற்றது. பின்னர் பம்பாய்க் கட்டடங்கள் அதனை விஞ்சின.

நெருப்பும் இதனைச் சோதித்தது. நம் நகரத்து சனிவார் வாடா 1732-இல் எழுந்தது. 1828-இல் மூண்ட தீயில் மரத்தாலான அதன் மாடங்கள் அழிய, கன்மதிலும் வாயிலும் அடித்தளமுமே எஞ்சின. எல்.ஐ.சி. கட்டடத்தில் 1975-இல் பெருந்தீ பரவிச் சேதம் விளைத்தது. எனினும் கான்கிரீட் உடல் நிலைகுலையவில்லை. பழுது நீக்கப்பட்டு அலுவல் மீண்டும் நடைபெற்றது. 2023 ஏப்ரலில் மொட்டைமாடிப் பெயர்ப்பலகையில் பற்றிய தீயும் அணைக்கப்பட்டது.

கதாநாயகன் பட்டணம் வந்து சேர்ந்தான் என்பதைக் காட்டத் தமிழ்த் திரைப்படங்கள் பன்முறை இக்கட்டடத்தையே காட்டின. இன்று சென்னையில் இதனினும் உயர்ந்தவை பல. ஆயினும் முதல்வனுக்குரிய மதிப்பு குன்றவில்லை. ஒருவர் எண்ணி, இன்னொருவர் வரைந்து, மற்றொருவர் முடித்து, ஊரார் சேமிப்பு காத்த மாளிகை அது. விடுமுறையில் சென்னை செல்லும் அன்பர்கள் தம் மக்களுக்கு அதனைக் காட்டுக. மாடிகளை எண்ணச் சொல்வதோடு, செட்டியார் பெயரையும் சிதளே பெயரையும் சேர்த்துச் சொல்லுக.